பல்மசேதாவுக்குத் திருப்பு

கோயைக்கே ஊரின் ஓடுதளம் நேரே இல்லாமல் பக்கவாட்டு ஜன்னலில் தெரிந்தது. மேற்கிலிருந்து குறுக்கே அடிக்கும் காற்றுக்கு மூக்கைக் கொடுத்து, சிறிய விமானத்தை நண்டுபோலச் சாய்வாகவே கொண்டுபோனான் நிபால்டோ. பின்னால், இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் போட்ட ஸ்ட்ரெச்சரில், கால்கள் மகன் பக்கம் நீட்டியபடி அவன் அப்பா ரோசமெல். காலையில் ஆட்டுப்பட்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். தலைமாட்டில் அம்மா எடெல்மிரா. இறுக்கிய பெல்ட்டுக்குள், காலை அசைக்கக்கூட இடமில்லை.

தரை நெருங்கியதும் மூக்கை நேராக்கி, காற்றுப்பக்கத்து இறக்கையைத் தாழ்த்தினான். ஒரு சக்கரம் மட்டும் தொட்டது. அதற்குள் ஒரு பலத்த வீச்சு விமானத்தைத் தூக்கிப் புல்வெளிப் பக்கம் தள்ளியது. எஞ்சின் அலற, மறுபடி மேலே ஏறினார்கள்.

"கிழவா, உன் பிள்ளை ஓட்டுற லட்சணத்தப் பாத்தியா?"

"அவருக்கு நான் என்னிக்கும் பஸ் டிரைவர்தானம்மா," என்றான் நிபால்டோ, திரும்பாமல்.

எடெல்மிரா ரோசமெலின் தாடைக்குக் கீழே நாடியைத் தேடி விரலை வைத்தாள். அந்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை.

"பல்மசேதா ஏர்போர்ட்டுல காத்து நேரா வரும், சுலபமா இறக்கிடலாம். ஆனா அங்கேருந்து கோயைக்கே ஆஸ்பத்திரிக்கு ரோட்டுல ஒரு மணி நேரம் ஆகும். அப்பா தாங்கமாட்டாரு. இங்கேன்னா ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு, இன்னொரு தடவ பாக்கறேன்."

அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கைகள் ஒரு கணமும் ஓயவில்லை. சொன்னால் அந்தக் கைகள் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் மறுபடியும் அந்தப் புல்வெளி.

"பல்மசேதாவுக்குத் திருப்பு. அப்பாதான் சொல்றாரு."

"பேசினாரா?"

"அந்த பஸ் டிரைவர்கிட்ட சொல்லுன்னாரு."

நிபால்டோ சிரித்துவிட்டான். விமானம் தெற்கே திரும்பியது.

மலைக்காற்று வழியெல்லாம் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ரோசமெலின் தலை புரண்டது. அவள் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"குளிருதா கிழவா? இதோ வந்தாச்சு," என்று அவ்வப்போது எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

பல்மசேதாவில் இரண்டு சக்கரங்களும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. எஞ்சின் நின்றது. இறக்கைகளில் காற்று மோதும் ஓசை மட்டும் மிஞ்சியது.

"எப்படிப்பா?" நிபால்டோ கையைப் பின்னால் நீட்டி அப்பாவின் பூட்ஸைத் தட்டினான். "இப்பவாவது ஒரு வார்த்த நல்லதா சொல்லலாம்ல?"

எடெல்மிரா கம்பளியை ரோசமெலின் மோவாய்வரை இழுத்துவிட்டாள். தன் பெல்ட்டைக் கழற்றவில்லை.