வராத சீடரின் இடம்

தவக்காலம் பிறந்தால்தான் மரிய கொறற்றியின் வாசலில் செருப்புகள் குவியும். மற்ற மாதங்களில் அங்கே ஒரு சோடிதான் கிடக்கும். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கெத்தரின் கார்மென்ட் வேலைக்கென்று கொழும்புக்குப் போனவள், அங்கேயே குடியும் குடித்தனமுமாகிவிட்டாள்.

யட்டவத்தைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய வெள்ளியன்று திருப்பாடுகளின் நாடகம் போடுவார்கள். மாதா கோயிலில் பெஞ்சுகளை நகர்த்த முடியாது என்பதால், ஒத்திகை கொறற்றியின் வீட்டோடு இறக்கிய தகரக் கொட்டகையில் நடக்கும். அவள் நாடகத்தில் இல்லை. ஆனால் இராப்போசனக் கட்டம் வரும்போது பன்னிரண்டு சீடர்களும் ஒன்றாய் வந்து சேர்ந்ததே கிடையாது. ஒருவனுக்கு ஓவர்டைம் இருக்கும், இன்னொருவனை டவுன் கடைக்காரர் விடமாட்டார். நாடகத்தை நடத்தும் ஷியாம் கத்துவான்:

"பெரியம்மா, பிலிப்பு வரல. கொஞ்சம் குந்துங்க!"

அவள் பாயில் உட்காருவாள். ஒருநாள் பிலிப்பு, ஒருநாள் தோமா. ஒருமுறை யூதாசாகவும் உட்கார்ந்தாள். வழக்கமாக யூதாசாக நடிக்கும் இருளாண்டி அன்று பிந்தி வந்தான்.

"காட்டிக் குடுத்த கூலிய எங்கிட்ட தந்துடணும் பெரியம்மா" என்றான்.

இயேசுவாக நடிக்கும் ஷெல்டன் ஆட்டோ ஓட்டுகிறவன். பாதம் கழுவும் கட்டத்தில் மற்றவர்களுக்கெல்லாம் கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவான். கொறற்றியிடம் வந்தால் மட்டும் எனாமல் பேசினில் நிஜமாகவே தண்ணீர் ஊற்றிக் கழுவுவான்.

"பெரியம்மா காலு மட்டும் என்ன பவுனா?" என்று யாராவது கேட்பார்கள்.

"இது ஒன்னுதான்டா நாத்தமில்லாத காலு."

சிரிப்பில் தகரம் அதிரும். அவளும் சிரிப்பாள். ஒத்திகை நாட்களில் தண்ணீர் விழும் பீலிக்கரைக் கல்லில் குதிகாலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மனிதக் கை அவள்மேல் படுவது வருடத்தில் அப்போது மட்டும்தான்.

கார்த்திகைப் புயலில் கொட்டகைக் கூரை பாதி பறந்துவிட்டது. மிச்சத் தகரம் சல்லடை. இவர்கள் வேறு இடம் பார்த்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம் பிடித்தது. "டீஎஸ் ஒபிஸ்ல கேட்டுப் பாரேன்" என்று ஷியாமை அனுப்பியதும் அவள்தான்.

பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தர் மஸீனா ஒரு மாலை ஒத்திகை பார்க்க வந்தார். இந்த நாடகத்தால் சனங்களுக்கு என்ன பிரயோசனம் என்று விசாரித்தார். கடலை வண்டிக்காரன், சவுண்ட் பொக்ஸ்காரன், பூக்காரி என்று ஷியாம் யாவாரம் நடக்கும் ஆட்களை அடுக்கினான்.

"நான் தவக்காலம் முழுக்க குடிக்கிறதில்ல மிஸ்" என்றான் இருளாண்டி. "மத்த மாசத்தப் பத்தி கேட்டுடாதீங்க."

மஸீனா சிரித்துவிட்டு கொறற்றியின் பக்கம் திரும்பினார். "ஒங்களுக்கு, அம்மா?"

கொறற்றியின் கண் எனாமல் பேசினில் போய் நின்றது. அதை எந்த வார்த்தையில் சொல்வது?

"கூரை ஒழுகுது மிஸ். புள்ளைங்க நனையுதுங்க" என்றாள்.

அடுத்த கிழமை மஸீனா சந்தோஷமாகத்தான் வந்தார். மாத்தளை டவுனில் மண்டபம், மேடை விளக்கு, போய்வர வேன். ஒத்திகைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அன்றைய சம்பளம்.

"ஆனா ஒத்திகையும் அங்கதான் செய்யணும். இங்கயே செய்றதுன்னா கூரைத் தகரம் மட்டும் தரலாம். ரெண்டும் ஏலாது. ஒங்கட வீடு, நீங்க சொல்லுங்க அம்மா."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தகரம் என்று அவள் சொல்லியிருந்தால் சரி பெரியம்மா என்று தலையாட்டியிருப்பார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

ஷெல்டன் மூலையில் தலையைக் குனிந்து நின்றான். வெட்கமொன்றுமில்லை, கொட்டகையின் உயரம் அவ்வளவுதான். மரச்சிலுவை சுவரில் சரிந்து கிடந்தது. இத்தனை வருடமும் சிலுவையில் அறையும் கட்டத்தை அவன் முழங்காலிட்டுத்தான் பழகியிருக்கிறான்.

"இங்க சிலுவைய நிமித்த ஏலாதே" என்றாள் கொறற்றி. "மண்டபத்துக்கே போங்க."

ஷியாம் விசிலடித்தான். யாரோ அவள் தோளைத் தட்டிவிட்டு ஓடினார்கள்.

முதல் நாள் வேன் வாசலுக்கே வந்தது. ஷியாம் உள்ளே எட்டி எண்ணிப் பார்த்தான்.

"பெரியம்மா, பன்னிரண்டு பேரும் வந்துட்டானுக! ஒருத்தன்கூட கொறயல!"

ஓவர்டைமை விடாத பிலிப்பு, ஜன்னலோரத்தில் தலைவாரிப் பவுடர் பூசி உட்கார்ந்திருந்தான்.

"நீங்களும் ஏறுங்களேன்" என்றான் ஷெல்டன்.

"எடம் எங்கடா இருக்கு?" என்றான் ஷியாம். "நாடகத்தன்னைக்கு முன்வரிசைல குந்த வைப்போம் பெரியம்மா."

"போய்ட்டு வாங்க. மழ வரப்போகுது."

வேன் வளைவில் மறைந்தது. உள்ளே வந்தபிறகுதான் கவனித்தாள், காலையில் பழக்கதோஷத்தில் குதிகாலைத் தேய்த்துக் கழுவியிருந்தாள்.

மழை பிடித்தது. மண்டபத்துக்குப் புதுப் பேசின் வாங்குவார்களாம், எனாமல் பேசினை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதை எடுத்து ஒழுகும் இடத்தில் வைத்தாள். பாயை விரித்து, பிலிப்பு உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.