சன்னல் ஒருத்திக்கு, கணப்பு ஒருத்திக்கு

டப்ளினில் அந்தச் செங்கல் வீட்டைக் கட்டியபோது, முதல் மாடியின் முன்பக்கம் முழுவதும் ஒரே விருந்துக் கூடம். அங்கே இருந்த பெரிய மனிதர்கள் போன பிறகு அறைக்கு ஒரு குடித்தனம் வந்தது. கூடத்தின் குறுக்கே யாரோ பலகைத் தடுப்பு அடித்தார்கள். தெருப்பக்கப் பாதியில் தையல்காரி அட்ராக்டா இருந்தாள். ஆளுயரத்தைத் தாண்டிய மூன்று சன்னல்களும் அவளுக்கு. பின்பாதியில் மிஸஸ் டாலன் என்ற விதவை. குளிர்காய நெருப்பு மூட்டும் பளிங்குக் கணப்பு அவளுக்கு.

இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தையல் மிஷின் சத்தம் கேட்டால் மிஸஸ் டாலன் பலகையைத் தட்டுவாள். அவள் ரேடியோ வைத்தால் அட்ராக்டா தட்டுவாள்.

ஒரு ஜனவரியில், பூவும் இலையுமாக வேலைப்பாடு செய்த கூரைச் சுதை பெயர்ந்து தொங்கிவிட்டது. வீட்டுக்காரர் அனுப்பிய தச்சர் கஹன், முட்டுக் கொடுப்பதற்காகத் தடுப்பைப் பிரித்தார்.

அட்ராக்டா அண்ணாந்து பார்த்தாள். தன் பக்கத்தில் இலை என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தது ஒரு பறவையின் வால். தலையும் சிறகும் அந்தப் பக்கம் இருந்தன. சன்னல் வெளிச்சம் நேராக மிஸஸ் டாலனின் கட்டில் வரை ஓடியது. அங்கே நடுப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பகல்லயுமா விளக்கு?"

"இந்தப் பக்கம் பகல் எப்ப வந்துச்சு?" என்ற மிஸஸ் டாலன் அட்ராக்டாவின் விரல்களைப் பார்த்தாள். "என்னடி கை இப்படி வீங்கிக் கெடக்கு?"

"குளிருதான்."

"இங்க நெருப்பு எரியுதுன்னு தெரியும்ல. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

மிஸஸ் டாலன் யோசித்தாள். "விட்டிருக்க மாட்டேன்."

அட்ராக்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாயங்காலம் மிஷினைக் கணப்பருகே இழுத்துப் போட்டாள். தைத்துக்கொண்டே கூடத்தைப் பார்த்தாள். வெளிச்சம் எதுவரை போகும், சூடு எதுவரை வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் கட்டியிருந்தார்கள். நடுவில் பலகை வந்ததும் இரண்டுமே பாழாய்ப் போயிருந்தன.

சுதை வேலை முடிந்து கஹன் பலகைகளோடு வந்தபோது, "தடுப்பு வேணாங்க" என்றாள் அட்ராக்டா.

"அப்புறம் சண்டைன்னு என்னைக் கூப்பிடக் கூடாது."

"சண்டை வரத்தான் செய்யும்" என்றாள் மிஸஸ் டாலன். "மூஞ்சியப் பாத்துப் போட்டுக்கறோம்."

கட்டில்களுக்கு நடுவே ஒரு போர்வையைத் திரையாகக் கட்டிக்கொண்டார்கள். மார்ச்சில் மிஸஸ் டாலன் தன் நாற்காலியை நடுச் சன்னலுக்கு மாற்றினாள். தெருவில் யார் போனாலும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அட்ராக்டாவின் தையல் அடிக்கடி கோணியது. அவள் முணுமுணுத்தாளே தவிர, நிறுத்தச் சொல்லவில்லை.