ஈரம் காயாத ஜன்னல்

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. வீட்டுக்கு வந்து சேர்ந்தவனை வீட்டுக்காரர்களே பார்க்க முடியாமல் தவித்த கதை ஒன்று சொல்கிறேன். பயப்படாதீங்க, அழ வைக்கிற கதை இல்லை.

பெருந்தொற்று உலகத்தையே முடக்கிப் போட்டிருந்த நேரம். வெளிநாட்டில் இருப்பவர்கள் விமானம் ஓடும்போதே திரும்பிவிடுங்கள், வந்ததும் நேரே வீட்டுக்குப் போய்ப் பதினாலு நாள் தனி அறையில் இருங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேறு யாரும் உள்ளே போகக்கூடாது என்று அரசாங்கம் டிவியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒருவனுக்கு எப்படியோ டிக்கெட் கிடைத்துவிட்டது. சேதி கேட்டதும் அவன் பெண்டாட்டிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவள் பெயிண்டர். மாமனாரும் பெயிண்டர். வேலைக்கு இரண்டு பேரும் சேர்ந்தேதான் போவார்கள். அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. அவன் கப்பல் ஏறிய பிறகு பிறந்தவள் குட்டி. அவளுக்கு அப்பா என்றால் போனுக்குள் சிரிக்கிற சின்ன மூஞ்சி, அவ்வளவுதான். புது ஆளைக் கண்டால் வீறிட்டு அழுவாள். பெற்றவனைப் பார்த்தும் அழுதுவிட்டால் அவன் மனசு என்னத்துக்கு ஆகும்?

தனி வாசல் உள்ள ஓரத்து அறையை அவனுக்காக ஒழித்துவைத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். பெயிண்டர் கை சும்மா இருக்குமா?

“அம்மாடி, இந்த ஜன்னல் ஏன் இப்படி அழுது வடியுது? எம்புள்ள இதையா பார்த்துக்கிட்டுப் படுத்திருப்பான்?”

“அவர் இன்னிக்கே வந்துடுவார் மாமா!”

“வரட்டும். அதுக்குள்ள ஒரு கை ஓட்டிடலாம்.”

ஜன்னலின் மரக்கதவு, சட்டம் எல்லாம் பளபளவென்று நீல எனாமல் ஏறியது. தெருப் புழுதி ஒட்டிவிடும் என்று மாமனார் ஜன்னலை இழுத்துச் சாத்தியும் வைத்தார். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வருகிறவன் நினைப்பில் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை.

டாக்சி வந்தது. மாஸ்க் போட்டவன் தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிட்டு நேரே அறைக்குள் போய்விட்டான். அவள் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஓடினாள்.

“திறங்க! குட்டி வந்திருக்கா!”

“தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன், அசைய மாட்டேங்குது! வாடை வேற மூச்சை முட்டுது. எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை இது?”

மாமனார் தொண்டையைச் செருமினார். அரைகுறையாகக் காய்ந்த எனாமல், கதவையும் சட்டத்தையும் ஒன்றாக ஒட்டிவிட்டிருந்தது.

“நான் உள்ள போய்…”

“கால் வெச்சீங்கன்னா நீங்களும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான், மாமா!”

குட்டியை அவர் கையில் திணித்துவிட்டு, சுவருக்குப் பட்டி தடவுகிற தகட்டை எடுத்து இடுக்கில் செருகினாள்.

“ஐயையோ, பெயிண்ட் உரியுதே!”

“உரியட்டும்!”

கிழவர் ஒரு கணம் பல்லைக் கடித்தார். அப்புறம் அவரே கத்தினார்: “மேல் மூலையில குத்து! அங்கதான் கெட்டியா பிடிச்சிருக்கும். டேய், தோளைக் குடுத்து முட்டுடா!”

படீரென்று திறந்தது ஜன்னல். அவன் சட்டென்று எதிர்ச்சுவர் வரைக்கும் விலகிப்போய் மாஸ்க்கை இறக்கினான். உள்ளங்கை நீலம், அது பட்டு மூக்கு நுனியும் நீலம்.

குட்டியின் உதடு பிதுங்கியது. அழப்போகிறாள் என்று அம்மாக்காரி அவசரமாக அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

“தங்கம், அங்க பாரு, அப்பா!” என்றார் தாத்தா.

குட்டி அவர் சட்டைப்பையில் இருந்த போனைத் தட்டிக் காட்டினாள். அப்பா அதற்குள் அல்லவா இருக்கிறார்!

“குட்டிம்மா, மம்மம் சாப்டியா?” என்றான் அவன், தினமும் போனில் கேட்கிற அதே கொஞ்சலோடு.

குட்டி போனைப் பார்த்தாள். சத்தமில்லை. ஜன்னலைப் பார்த்தாள். திரும்பவும் போன். திரும்பவும் ஜன்னல்.

“ப்பா!”

தெருவே திரும்பிப் பார்க்கிற கூச்சல். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தாத்தாவின் பிடியிலிருந்து துள்ளினாள். ஓடிவரக் கால் எடுத்தவன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு தன்னையே கட்டிக்கொண்டான்.

“அங்கேயே நில்லுங்க,” என்றாள் அவள், சிரிப்பும் கண்ணீருமாய். “சொன்ன நாளெல்லாம் முடியட்டும். அப்புறம் உங்க தோளைவிட்டு இவளை எறக்கவே முடியாது பாருங்க.”

“சட்டை பூரா எனாமலைப் பூசிக்கிட்டான் பாரு, தடியன்,” என்று மூக்கை உறிஞ்சினார் மாமனார்.

உங்கள் வீட்டுக்கு வரவேண்டியவர்களும் சுகமாக வந்து சேரட்டும், என் செல்லங்களே. நோய்நொடி அண்டாமல், பிள்ளைகுட்டிகளோடு மனசு நிறைந்து நல்லா இருங்க.