பாலத்தடியில் முப்பத்தொன்று

பாரிஸின் லா சப்பலில் கடைகளின் இரும்புக் கதவுகள் இன்னும் ஏறவில்லை. மார்க்கண்டுவின் சாப்பாட்டுக் கடைக்குக் கீழே, நிலவறையில், ஆவி ஏறிவிட்டது.

யசோதரன் கொதிநீரை மாவில் ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறினான். சூடு ஆறுமுன் மா இடியப்ப உரலுக்குள் போக வேண்டும். ஆறினால் பிழிகிறவளின் மணிக்கட்டு போய்விடும். பிழிகிறவள் இம்மாகுலேற். மன்னார்க்காரி, நாற்பதைத் தாண்டியவள், வலது கையில் எப்போதும் ஒரு துணிக்கட்டு. வசந்தரூபி தட்டுகளை வாங்கி ஆவியில் அடுக்கினாள். ஜன்னல் இல்லாத அறை. சுவரில் நீர் வழிந்தது.

2009 பங்குனி மாதம். வசந்தரூபியின் தாயும் தங்கைகளும் புதுமாத்தளன் கடற்கரையில் ஒரு தரப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்தார்கள். கடைசியாகக் கிடைத்த செய்தி அது. ஒரு பக்கம் அரசாங்கத்தின் ஆமி, ஒரு பக்கம் புலிகள் இயக்கம், நடுவில் சனம்.

யசோதரனின் மனைவி ஆரணியும் அங்கேதான் இருந்தாள். மாசி மாதத்து ஒரு காலையில் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது செல் குண்டு விழுந்தது. அவள் செத்ததைப் பாதிரியார் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். “ஓம் ஃபாதர்” என்றான் யசோதரன். அன்றைக்கும் இடியப்பம் இறக்கினான். பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தவன். அதன் பிறகு அவளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மார்க்கண்டு இரும்புப் படியில் பாதி இறங்கி நின்றார்.

“என்ன, பொம்பிளையள் கூட்டம் போடப் போறியளாம்? மண்டபம் கேட்டனீங்களாம். இயக்கக்காரர் எனக்கு ஃபோன் அடிச்சுச் சொல்லிப்போட்டினம்.”

“அவ்வளவு கெதியாகவோ?” என்றாள் இம்மாகுலேற். “எங்கடை விசாக் கடுதாசியள் இந்த வேகத்திலை வந்தால் நல்லது.”

“பகிடியை விடு. ஞாயிறு ஊர்வலம் இருக்கு. அதிலை வந்து நில்லுங்கோ, கொடி தருவினம். தனிய என்ன கூட்டம்?”

“கொடியோடை போனால் ஆமியை மட்டும்தான் நிப்பாட்டச் சொல்லலாம் அண்ணை. நாங்கள் ரண்டு பக்கத்தையும் நிப்பாட்டச் சொல்லப் போறம். சனத்தை வெளியிலை விடச் சொல்லப் போறம்.”

“வாயை மூடு! அடிக்கிறவனும் அடிவாங்கிறவனும் ஒண்டோ?”

“அடிவாங்கிறது என்ரை அம்மா,” என்றாள் வசந்தரூபி, தட்டிலிருந்து தலை தூக்காமல்.

மார்க்கண்டுவின் குரல் இறங்கியது. “என்ரை மருமோனும் உள்ளுக்கைதான் நிக்கிறான். எனக்கு நோகாதோ? ஆனால் இந்தத் தெருவிலை கடை வைச்சிருக்கிறவன் நான். நாளைக்குக் கண்ணாடி உடைஞ்சால் நீங்களோ ஒட்டித் தருவியள்?” பிறகு மறுபடி முதலாளியானார். “அந்தக் கூட்டத்துக்குப் போறவை திங்கள் வேலைக்கு வரத் தேவையில்லை. கொந்திறா இல்லாமல் கார்த் எப்பிடிப் புதுப்பிக்கிறியள் எண்டு பாப்பம்.”

அவர் ஏறிப் போனார். வேலை ஒப்பந்தம் போனால் வதிவிட அட்டையும் போகும். அங்கே அதை யாரும் யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இம்மாகுலேற் உரலைக் கீழே வைத்தாள்.

“தம்பி, ஒண்டு கேப்பன். கோவிக்கக் கூடாது.”

“கேளுங்கோ அக்கா.”

“ஆரணியின்ரை முப்பத்தொண்டை எங்களுக்குத் தா.”

இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் காரியம். கிறிஸ்தவரும் செய்வார்கள், சைவக்காரரும் செய்வார்கள். அன்றைக்கு அந்த வீட்டுக்கு வருகிற எவரையும் ஏன் வந்தாய் என்று கேட்கிற வழக்கம் இல்லை. பேச்சுவார்த்தை இல்லாதவனும் வந்து கை பிடித்துவிட்டுப் போவான். இந்தத் தெருவில் யாராலும் தடுக்க முடியாத கூட்டம் அது ஒன்றுதான்.

“நான் அது செய்யேல்லை,” என்றான் யசோதரன்.

“தெரியும்.”

“உடம்பைக் காணேல்லை அக்கா.”

“தெரியும் தம்பி.”

“செய்தால்…”

நிறுத்திக்கொண்டான். செய்தால் அவள் செத்தவள். செய்யாதவரைக்கும் பாதிரியாருக்கு ஆள் மாறியிருக்கலாம். அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் அவன் தினமும் இந்தப் படியில் இறங்கினான்.

“வேண்டாம்.”

“சரியப்பு. கேட்டதை மறந்திடு.” அவள் உரலை எடுத்துக்கொண்டாள்.

வசந்தரூபி கையைத் துடைத்துவிட்டுப் படியேறினாள். நிலவறையில் ஃபோனுக்கு சிக்னல் இல்லை. மேல்படியில் நின்று பார்த்துவிட்டு இறங்கி வருவாள். வந்தாள். அழைப்பு எதுவும் இல்லை. அடுத்த தட்டை வாங்கினாள்.

அதே மேல்படியில் நின்றுதான் ஆரணியின் கடைசி அழைப்பை யசோதரன் எடுத்தான். இரைச்சலுக்குள் அவள் கத்தினாள். “ரண்டு பக்கமும் ஒருக்கா மூச்சு விட்டால் போதும் யசோ. கொஞ்ச நேரம். நான் தண்ணியைக் கடந்து வந்திடுவன்.” அதை அவன் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொன்னால் துரோகி என்பார்கள், அவளையும் சேர்த்து.

“தம்பி, மா ஆறுது,” என்றாள் இம்மாகுலேற்.

அவன் அகப்பையை விட்டான். “அவளும் ரண்டு பக்கத்தையும் நிப்பாட்டத்தான் சொன்னவள் அக்கா.”

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள். அவன் படியேறினான். அவர்களும் பின்னால் ஏறினார்கள்.

மார்க்கண்டு ரோல்ஸ் தட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, ஞாயிறு என்ரை மனுசியின்ரை முப்பத்தொண்டு.”

அவர் கை நின்றது. “அது எப்பவோ போயிட்டுதெல்லே?”

“போகேல்லை. நான் செய்யேல்லை. செய்யிற அண்டைக்குத்தான் முப்பத்தொண்டு.”

“எங்கை வைக்கிறாய்?”

“என்ரை அறையிலை நாலு பேர் இருக்கேலாது. மெத்ரோப் பாலத்துக்குக் கீழை.”

மார்க்கண்டு பெண்களைப் பார்த்தார். விளங்கிவிட்டது. “அப்ப கொடியும் கொண்டு வரச் சொல்லுறன்.”

“செத்தவீட்டிலை என்னண்ணை கொடி?”

“போராளியின்ரை செத்தவீட்டிலை பிடிக்கிறதுதானே?”

“அவள் கஞ்சிக்கு நிண்டவள்.”

அவர் கண்ணாடிப் பெட்டியைச் சாத்தினார்.

“நான் சொன்னது சொன்னதுதான்,” என்றார் மார்க்கண்டு. “திங்கள் வராதையுங்கோ.”

“அப்ப இண்டைக்கு மட்டும் ஏன்?” என்று வசந்தரூபி ஏப்ரனை அவிழ்த்துக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாள். இம்மாகுலேற்றும் வைத்தாள். யசோதரனும் வைத்தான். வாசலில் இடியப்பத்துக்கு ஆட்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். கீழே மா கல்லாகிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தடியில் மா வாளியைக் கவிழ்த்து வெள்ளைத் துணி விரித்தார்கள். அதன்மேல் ஆரணியின் படம். கல்யாணப் படத்திலிருந்து வெட்டியது. அவனுடைய தோள் ஒரு ஓரத்தில் இருந்தது. இம்மாகுலேற் மெழுகுதிரி கொளுத்தினாள். காற்று அணைத்தது. மறுபடி கொளுத்தினாள்.

எதிர்ப்பக்க நடைபாதையில் இயக்கத்து ஆண்கள் சிலர் நின்று ஃபோனில் படமெடுத்தார்கள். “எடுங்கோ, எடுங்கோ,” என்றாள் இம்மாகுலேற். “என்ரை வலப்பக்கம்தான் வடிவு.” வசந்தரூபி சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் அவர்கள் மூன்று பேர்தான். பிறகு தலைக்கு முக்காடு போட்ட ஒருத்தி வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சிறுவனின் படத்தை எடுத்தாள்.

“இதையும் வைக்கலாமோ?”

“வையுங்கோ.”

பக்கத்துக் கடைப் பெண்கள் வந்தார்கள். துப்புரவு வேலை முடித்த பெண்கள் வந்து துணியைச் சுற்றி நிலத்தில் அமர்ந்தார்கள். கணவனுக்குச் சொல்லாமல் வந்த ஒருத்தி தூணுக்குப் பின்னால் நின்றாள். யசோதரன் விளிம்பில் நின்று, காரியவீட்டுக்காரன் நிற்கிறபடி, வந்த ஒவ்வொருவரிடமும் கை நீட்டினான். ஒவ்வொரு கையும் அவளை இன்னும் கொஞ்சம் சாகடித்தது. அவன் கையை எடுக்கவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் தெருவைக் கடந்தார். பின்னால் யாரோ அவர் பெயரைச் சொல்லி அதட்டினார்கள். அவர் திரும்பவில்லை. மார்க்கண்டு.

இரண்டு கையாலும் யசோதரனின் கையைப் பிடித்தார். கண்ணைப் பார்க்கவில்லை.

“நான் வந்தது செத்தவீட்டுக்கு,” என்றார். “திங்கட்கிழமை வேறை கதை.”

“ஓம் அண்ணை. வேறை கதைதான்.”

அவர் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்று, சட்டைப் பைக்குள் கைவிட்டு, கடவுச்சீட்டு அளவில் ஒரு இளைஞனின் படத்தை எடுத்து, துணியில் வைக்காமல் கைக்குள்ளேயே பிடித்துக்கொண்டார்.

மேலே ரயில் போனது. இரும்பு முழுக்க அதிர்ந்தது. அது கடந்து போகும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு இம்மாகுலேற் சொன்னாள்.

“ரண்டு பக்கமும் நிப்பாட்டுங்கோ.”

“சனத்தை வெளியிலை விடுங்கோ,” என்றார்கள் பெண்கள். முதல் தடவை குரல் சரியாக எழவில்லை. இரண்டாம் தடவை தூணுக்குப் பின்னால் நின்றவளின் குரலும் சேர்ந்தது. யசோதரன் ஆரணியின் வாசகத்தைத் தன் வாயால் சொன்னான். மறுபடி சொன்னான்.

மெத்ரோப் படிக்கட்டில் இறங்கி வந்த இரண்டு பெண்கள் தயங்கி நின்றார்கள். இம்மாகுலேற் கட்டுப்போட்ட கையால் நிலத்தைத் தட்டினாள்.

“தள்ளி இருங்கோ பிள்ளையள். இன்னும் ஆக்கள் வருகினம்.”

எல்லோரும் தள்ளி அமர்ந்து இடம் விட்டார்கள்.