பத்தாவது கட்டம்

கௌஷிக் செய்தது அசட்டுத்தனம்தான், வேறு என்ன சொல்ல. ஒரு வீடியோ கேமில் வரும் பாலைவனத்து ஜனங்களுக்காகப் புதிதாக ஒரு பாஷை உண்டாக்குவது அவன் வேலை. அதற்குப் பத்து வேற்றுமை உருபுகள் வைத்திருந்தான். ஒவ்வொன்றையும் போட்டுக் காட்ட மாதிரிக்கு ஒரு பெயர் வேண்டும். மரம், குதிரை என்று எதையாவது எடுத்திருக்கலாம். பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் பெயரை எடுத்துக்கொண்டான். அம்புஜத்துக்கு, அம்புஜத்தோடு, அம்புஜத்திடமிருந்து என்று அட்டவணையில் ஒன்பது கட்டங்கள் ஜோராக நிரம்பின.

பத்தாவது உருபு, இறந்துபோனவர்களின் பெயரோடு மட்டும் சேர்வது. அந்தப் பாஷைக்கே அதுதான் அழகு என்று ஆபீஸில் பாராட்டு வேறு. அதை எழுத இருந்த அன்றுதான் அம்மாவின் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. பயாப்சிக்கு எடுத்தார்கள். அதன் பிறகு அவன் கை அந்தக் கட்டத்துக்குப் போகவேயில்லை. வேறு பெயர் போடலாம் என்றால், ஒன்பது கட்டங்களிலிருந்தும் அம்மாவை அழிக்க வேண்டும். அதற்கும் மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மேலதிகாரி அபூர்வா போன் செய்தாள். "கௌஷிக், கடைசிக் கட்டம் இன்னும் காலியா இருக்கு. அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடு, ஜல்தி."

"அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு, ரிப்போர்ட் வாங்க அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, வெறும் கொழுப்புக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று இந்தியில் சொன்னார். கௌஷிக் இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். பாவம், அவரும் பொறுமையாகச் சொன்னார். வெளியே வந்து ஆளுக்கொரு சாத்துக்குடி ஜூஸ் குடித்தார்கள். அப்போதுதான் அவன் அப்பாடா என்று வாய்விட்டே சொன்னான்.

திரும்பும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது.

"அந்தக் கடைசிக் கட்டத்தை எழுதிட்டியாடா?" என்றாள் அம்மா.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ எப்பம்மா பார்த்தே?"

"ஃப்ரிட்ஜ்மேல ஒட்டி வெச்சிருக்கியே. பத்து நாளா பால் எடுக்கறப்பல்லாம் பாக்கறேன். எது எதுக்குன்னு மேலே இங்கிலீஷ்ல போட்டிருக்கே, எனக்குப் படிக்கத் தெரியாதா?"

"அபசகுனம்னு நெனச்சியா?"

"இல்லடா. நான் அழுதா நீ இடிஞ்சு போயிடுவேன்னு வாயை மூடிண்டிருந்தேன். நீ என்னடான்னா ஜோக் அடிச்சுண்டு திரிஞ்சே. இவனுக்கு ஒண்ணுமே தோணலையோன்னு இருந்தது. அந்தக் கட்டம் நாள் கணக்கா காலியாவே கிடந்துதா, சரி, இவனும் பயந்துண்டுதான் இருக்கான்னு தெரிஞ்சுது. அப்பறம்தான் எனக்குத் தூக்கமே வந்தது."

கௌஷிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அம்மா அவன் மடியிலிருந்த லேப்டாப்பைத் தட்டினாள்.

"இப்ப எழுது. காலைல போன் பண்ணினவ அஞ்சு மணிக்குக் கேட்டிருக்காளோல்லியோ?"

"உன் பேரையா?"

"பின்னே யார் பேரை?"

எழுதினான். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதட்டை அசைத்து ஒரு தரம் படித்துப் பார்த்தாள்.

"கேக்க நன்னாத்தான் இருக்கு" என்றாள். "எழுந்திரு, துவாரகா ஸ்டேஷன் வந்துடுத்து."