ஒரு சொட்டு விழுந்தால்

எங்கள் தெரு மெக்கானிக்கை எல்லோரும் ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கைராசியால் வந்த பெயர் இல்லை. பானெட்டைத் திறப்பதற்கு முன்பே “இது தேறாது” என்று சொல்லிவிடுவார், அதனால் வந்தது. என்னுடைய பழைய பிக்கப்புக்கும் அதையே சொன்னார். வண்டிக்கு அடியில் குனிந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் விரலால் வழித்து, கறுப்பாக வந்ததை என் அண்ணனிடம் நீட்டினார். வண்டி என்னுடையது, ஓட்டுகிறவளும் நான். விரல் மட்டும் அண்ணன் பக்கம் போனது.

“பின்பக்க சீல் போயிருச்சுங்க. இன்ஜினையே இறக்கணும். இந்த வயசுல இதுக்கு எதுக்கு ஆபரேஷன்? பேசாம இரும்புக்குப் போட்டுருங்க.”

அண்ணன் முகத்தில் வருத்தம் தெரிந்தது. அதற்குக் கீழே சந்தோஷமும் தெரிந்தது. நாற்பது வருடமாகப் பார்க்கிற முகம், எனக்குத் தெரியாதா?

அப்பா இறந்த பிறகு வீடு அண்ணனுக்கு, வண்டி எனக்கு என்று ஆனது. மாடி அறையில் இருக்கிறேன். பதினோரு வருடமாக நாற்றுப் பண்ணையிலிருந்து செடிகளையும் மண்தொட்டிகளையும் ஏற்றி வீடு வீடாக இறக்கி வருகிறேன். அண்ணனுக்குத் தையல் துணிக்கடை. தங்கை அந்தக் கல்லாவில், மின்விசிறிக்குக் கீழே, கையில் அழுக்குப் படாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அவர் கெட்டவர் இல்லை. நல்லவர்கள் செய்கிற அட்டூழியத்துக்குத்தான் பதில் சொல்ல வழியே இருப்பதில்லை.

“முற்றத்துக்குப் புதுசா சிமெண்ட் போட்டு ரெண்டு மாசம் ஆகல. பாரு, எவ்வளவு கறை. சனிக்கிழமை இரும்புக்காரரை வரச் சொல்றேன். நீ கடைக்கு வந்துரு.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கோபத்தில் வாய் முந்திக்கொண்டது.

“சனிக்கிழமை காலையில இந்தத் தரையில ஒரு சொட்டு விழுந்திருந்தா, நானே சாவியக் குடுக்கறேண்ணே.”

ஒரு சொட்டு என்று சொல்லியிருக்க வேண்டாம்தான். ஒரு கையளவு என்றாவது சொல்லியிருக்கலாம். சொன்னது சொன்னதுதான். அன்று செவ்வாய்க்கிழமை.

ஆயில் சொட்டுகிற இடம் வேறு, கிளம்புகிற இடம் வேறு. மேலே கசிவது வழிந்து கீழே வரும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் தள்ளும். கடைசியில், ஆயில் வெளியே வராமல் அடைத்து நிற்கும் பின்பக்க சீல்தான் பழி சுமக்கும். எய்தவன் இருக்க அம்பை நோவதென்றால் டாக்டருக்கு வெல்லம். நான் மேலிருந்து ஆரம்பித்தேன். மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்து இன்ஜினைத் தேய்த்துக் கழுவினேன். காய்ந்ததும் அண்ணியிடம் போய் நின்றேன்.

“அண்ணி, முகத்துக்குப் போடற பவுடர் வேணும். டப்பாவோட.”

ஏன் என்று கேட்காமல் கொடுத்தாள். நான் இன்ஜின் முழுக்கத் தூவுவதைச் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, “என் கல்யாணத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு அப்பல” என்றாள்.

வெள்ளைப் பவுடரில் ஆயில் பட்டால் உடனே கறுக்கும். புதன்கிழமை பண்ணைக்கு ஒரு நடை போய்வந்து பானெட்டைத் திறந்தேன். இன்ஜினின் தலைக்கு மேல் இருக்கும் வால்வு கவரின் பின்மூலையிலிருந்து ஒரு கறுப்புக் கோடு கிளம்பி, பின்பக்கமாக இறங்கி, டாக்டர் விரல் வைத்த அதே இடத்தில் போய் முடிந்தது. கவருக்கு அடியில் கசிவை அடைக்க வைத்திருக்கும் பேக்கிங்கை மாற்றினேன். அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. மறுபடி பவுடர் தூவி ஓட்டிப் பார்த்தால், முன்பக்க சீலில் ஈரம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியின் குழாயைச் சுற்றி ஈரம். நேற்றுப் போட்ட புது பேக்கிங்கும் வேர்த்திருந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். மின்விசிறிக்குக் கீழே, கறையில்லாத புடவையில், “வாங்க, என்ன கலர் பாக்கறீங்க?” என்று சாகும்வரை கேட்டுக்கொண்டிருக்கும் என்னை நானே பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

அழுது முடித்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. மூன்று இடம் ஒரே மாதத்தில் எப்படிப் போகும்? வீட்டில் எல்லா ஜன்னலும் ஒன்றாகத் திறந்துகொண்டால் தாழ்ப்பாளைத் திட்டிப் பயனில்லை, உள்ளே என்ன காற்று என்று பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகினேன். மூடி என் உள்ளங்கையை மேலே தள்ளிக்கொண்டு எழுந்தது. புகை பொங்கி வந்தது. இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியே போக ஒரு குழாய் உண்டு. பிரீதர் என்பார்கள். என் வண்டியில் அது பக்கவாட்டில் இறங்கி, ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே, வண்டிக்கு அடியில் முடியும். மூச்சு வெளியே போகாவிட்டால் ஆயிலைத்தான் தள்ளும், கிடைத்த சந்தில் எல்லாம் தள்ளும். இன்ஜினை நிறுத்தி, கீழே படுத்து, அந்தக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனேன்.

அதன் வாயைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்த்தேன். உள்ளே திணித்திருந்த துணி உருண்டையைக் குறடால் இழுத்தேன். பிரித்துப் பார்த்தால், எண்ணெயில் ஊறிய துணிப்பைத் துண்டு. அதில் பாதிக் கத்தரிக்கோல் படம். அண்ணன் கடைப் பையின் படம்.

போன மாதம் துணி மூட்டைகள் கொண்டுவர இரண்டு நாள் வண்டியை வாங்கிப் போயிருந்தார். “உள்ள ஒரே புகை வாடை. எப்படித்தான் ஓட்டறியோ” என்று முகத்தைச் சுளித்தபடி சாவியைத் தந்தது நினைவுக்கு வந்தது. துணியில் வாடை ஏறக் கூடாதே என்று, கையில் கிடைத்ததை வைத்து அடைத்துவிட்டார். தெரியாமல் செய்ததுதான். தெரியாமல் செய்தவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அப்போதே போய்ச் சண்டை போட்டிருக்கலாம். ஜெயித்துவிட்டுக் காட்டுவோம் என்று துணியை மடித்து வைத்தேன். அது என் கர்வம், ஒத்துக்கொள்கிறேன். இன்ஜினைத் துடைத்தேன், பவுடர் தூவினேன், முழுப் பாரத்தோடு இரண்டு நடை அடித்தேன். சாயங்காலம் முற்றத்தில் நிறுத்தி, அடியில் பெரிய அட்டையை விரித்தேன்.

சனிக்கிழமை இரும்புக்காரர் இழுவைக் கயிற்றோடு வந்தார். அண்ணன் குனிந்து அட்டையை உருவினார். கொஞ்சநேரம் தேடினார். பிறகு விரலை ஓர் இடத்தில் வைத்தார். மிளகளவு ஒரு கறுப்புப் பொட்டு.

“ஒரு சொட்டுன்னு நீதான் சொன்ன” என்று சாவிக்குக் கையை நீட்டினார்.

அந்தக் கையில் துணியை வைத்தேன்.

“இது என்ன?”

“உங்க கடைப் பை. இருக்கைக்கு அடியில இருக்கற குழாயில திணிச்சு வெச்சிருந்தீங்க. இன்ஜினுக்கு மூச்சு முட்டி எல்லாப் பக்கமும் ஆயிலைக் கக்கிச்சு. இப்ப பானெட்டைத் திறந்து பாருங்க, பவுடர் வெள்ளையா இருக்கு. இந்தச் சொட்டு அந்தக் குழாய் வாயில இருந்து விழுந்தது.”

இரும்புக்காரர் குனிந்து பார்த்தார். “அது சொட்டத்தான் செய்யும்மா. பழைய வண்டி எல்லாத்துலயும் அப்படித்தான்” என்று கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார்.

அண்ணன் துணியைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

“அதெல்லாம் சரி. சொன்ன வார்த்தைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“இருக்கு. அதைத் தவறறேன்.”

என் வாழ்க்கையில் அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. சமையலறை ஜன்னலில் அண்ணி பாத்திரத்தைக் கழுவாமல் பிடித்தபடி நின்றிருந்தாள்.

“இனிமே தினம் ஒரு சொட்டு விழும்ணே. அடியில அட்டை போட்டுக்கறேன். ஆனா கல்லாவுக்கு வர மாட்டேன். இன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல.”

அவர் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது, துணியோடு. நான் ஏறி இன்ஜினைக் கிளப்பினேன். இருக்கைக்கு அடியிலிருந்து அந்த வாடை குப்பென்று உள்ளே வந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்காமலே தெருவுக்குள் திருப்பினேன்.