வேலிக்குள் ஒரு குடும்பம்

ஊழியர்களின் குடும்பத்தார் டிக்கெட் வாங்க வேண்டாம் என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். அவள் அதைப் படித்துவிட்டு வரிசையில் போய் நின்று டிக்கெட் வாங்கினாள். ஜன்னலுக்குள் இருந்த பெண் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளக் கூடாதே என்று குடையைக்கூட மடக்கவில்லை. குடைக்கம்பி கண்ணைக் குத்துகிறது என்று பின்னால் நின்றவர் முணுமுணுத்தார். கணவர் வேலை பார்க்கும் இடத்துக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. வருவது அவருக்குத் தெரியாது.

அது ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம். நூறு வருடத்துக்கு முந்தைய கிராமம் ஒன்றை வீடு, கொட்டகை, கொல்லன் பட்டறை என்று அப்படியே எழுப்பி, அந்தக் காலத்து உடுப்பில் ஆட்களை நிறுத்தி, அந்தக் காலத்து வேலைகளைச் செய்ய வைத்திருந்தார்கள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த தொழிற்சாலையை மூடியபிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அவருக்கு, போன வருடம் இங்கே பால்பண்ணைக்காரர் வேடம் கிடைத்தது. வேடம் என்றாலும் வேலை நிஜம்தான். பசு நிஜம், சாணி நிஜம். மனைவியாக நடிக்கும் பெண் மட்டும்தான் பொய் என்று சேர்ந்த புதிதில் அவர் சொல்லிச் சிரித்தார். வேலிக்குள் இருக்கும்வரை வேடத்தைக் கலைக்கக் கூடாது, கைக்கடிகாரம்கூடக் கட்டக் கூடாது என்பது அங்கே சட்டம். அப்போது அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நின்றது ஒரு சாப்பாட்டு வேளையில். "நம்ம வீட்டு அடுப்பு ரொம்பப் புகையுது, புகைபோக்கியைத் தட்டிவிடணும்" என்றார் அவர். அவள் தன்னுடைய கேஸ் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சட்டென்று தட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நம்ம வீடு. அந்தச் சொல் மீன்முள் மாதிரி அவள் தொண்டையில் நின்றுவிட்டது. அதன்பிறகு எல்லாமே கண்ணில் பட ஆரம்பித்தன. சவரம் செய்யும்போது பாட்டு முணுமுணுத்தார். சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. ஆள் குறைவு என்று சொல்லி அன்றைக்கும் கிளம்பிப் போனார். அருங்காட்சியக அலுவலகத்துக்கு அவள் போன் செய்து யாரோ மாதிரி விசாரித்தாள். விடுமுறை உள்ளவர் யாரையும் சனிக்கிழமை வரச் சொல்வதில்லை, அவராகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார் என்றது ஒரு இளங்குரல். துணிகளைப் பிடித்தும் நீட்டியும் தைத்துத் தரும், அவள் வேலை பார்க்கும் கடையில் அவளோடு காஜா எடுப்பவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நேரா போய்ப் பாத்துடுக்கா. மனசுக்குள்ளயே தச்சுத் தச்சுப் பிரிச்சிட்டு இருக்காத" என்றாள்.

அவள் டிக்கெட் வாங்கி உள்ளே வந்த அந்தச் சனிக்கிழமை, பழங்காலப் பால்பண்ணை நாள். கறவையிலிருந்து வெண்ணெய் வரைக்கும் எல்லா வேலையையும் பார்க்கலாம் என்று வழியெல்லாம் அறிவிப்பு. கொட்டகையைச் சுற்றி நல்ல கூட்டம். அவள் ஒரு மரத்தூணுக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொண்டாள். அவருக்கு மனைவியாக நடிக்கும் பண்ணைக்காரி முக்காலியில் உட்கார்ந்து, வெந்நீரில் நனைத்த துணியால் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் நினைத்து வைத்திருந்த மாதிரி இளவயதுக்காரி இல்லை. நரைத்த முடியைக் கொண்டை போட்டு, தடித்த மணிக்கட்டோடு, ஏறக்குறைய தன் வயதுக்காரியாகவே இருந்தாள். அதில் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. அழகிக்கு ஆசைப்பட்டான் என்றால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்துவிடலாம். இதை என்னவென்று திட்டுவது?

அவர் பசுவின் கழுத்தடியைச் சொறிந்துகொண்டே கூட்டத்தோடு பேசினார். பேசினார் என்றால், அவள் பார்த்தே வருடக்கணக்காகிவிட்ட அளவுக்குப் பேசினார். வீட்டில் உப்பு, தண்ணீர், சாவி என்று ஒற்றை ஒற்றைச் சொல்லாகக் கேட்டு வாங்குகிற மனிதர், மடியில் பால் இறக்காத பசுவை எப்படித் தாஜா செய்வது என்று கைகால் ஆட்டிச் சொல்லி, கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். வாளிக்குள் பால் இரண்டு கோடாக மாறி மாறி விழுந்தது. முதலில் தகரத்தில் பட்டுக் கீச்சிட்ட சத்தம், பால் ஏற ஏற நுரைக்குள் புதைந்து மெத்தென்று ஆனது. பண்ணைக்காரி கண்ணால் கேட்பதற்கு முன்பே அவர் வாளியை நகர்த்திக் கொடுத்தார். அவர் நகர்த்திய கையை அவள் பார்த்தாள். பண்ணைக்காரி அதைப் பார்த்தாளா என்றும் பார்த்தாள்.

கூட்டத்தில் ஒரு பெண்மணி, உங்களுக்குக் குழந்தைகள் இல்லையா என்று விளையாட்டாகக் கேட்டாள்.

"ஒரு பொண்ணு இருக்கா" என்றார் அவர். "கன்னுக்குட்டிக்கு வயிறு நிறைய விட்டுட்டுத்தான் நாம கறக்கணும்னு சண்டைக்கு நிப்பா. சின்னதுல காது குத்துன வலிக்குக்கூட அழல. நான் அழுதேன், அவ என்னைப் பாத்துச் சிரிச்சா."

"அப்பாவுக்கு மேல பிடிவாதம்" என்று பண்ணைக்காரி காம்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சேர்த்துக்கொண்டாள். கூட்டம் சிரித்தது.

அவர் சொல்வது தங்கள் சொந்த மகளைத்தான் என்று தூணுக்குப் பின்னால் நின்றவளுக்குத் தெரிந்தது. காது குத்திய அன்று அழுதது அவர்தான். அவள்தான் பக்கத்தில் இருந்தாள். மகள் தன் இஷ்டப்படி ஒருவனைக் கட்டிக்கொண்டபோது, இனி என் வீட்டு வாசல்ல கால் வைக்காதே என்று கத்தியவர், அன்றையிலிருந்து அந்தப் பெயரை வாயால் உச்சரித்ததில்லை. அவள் மட்டும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்கட்டுக்குப் போய், குரலைத் தாழ்த்தி மகளோடு போனில் பேசுவாள். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்பதை எந்த நல்ல நேரம் பார்த்து இவரிடம் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துப் பார்த்தே மாதங்கள் ஓடிவிட்டன. அப்படிப்பட்டவர் இங்கே ஊர் பேர் தெரியாத கூட்டத்துக்கு நடுவே மகளைப் பற்றி வாய் நிறையப் பேசுகிறார். அதற்கு இன்னொருத்தி அடியெடுத்துக் கொடுக்கிறாள். கையும் களவுமாகப் பிடிக்க வந்தவளுக்கு எதைப் பிடித்தோம் என்றே புரியவில்லை.

அவர் இடையிடையே வேலிக்கதவைப் பார்ப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். யாரையோ எதிர்பார்க்கிற பார்வை. கறந்த பாலை வீட்டுக்குள் கொண்டுபோய், கைப்பிடி சுழற்றும் இரும்பு இயந்திரத்தில் ஊற்றி, ஒரு குழாயில் பாலேடும் இன்னொரு குழாயில் ஏடு நீங்கிய பாலுமாகப் பிரிந்து வருவதைக் காட்டியபோதும் அவர் கண் வாசலில்தான் இருந்தது. பிறகு அந்தக் கண் ஓரிடத்தில் நின்றது. முகம் இளகியது. அவளும் திரும்பிப் பார்த்தாள்.

மகள் வந்துகொண்டிருந்தாள். வயிற்றைத் தாங்கின நடை. கூட்டம் தானாகவே விலகி வழிவிட்டது. எந்தத் தயக்கமும் இல்லாமல் வீட்டு வாசற்படி ஏறி, கதவோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பழகின இடம். அங்கே கோணி ஒன்றை நாலாக மடித்து ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார்கள்.

எல்லாரையும் வாங்க வாங்க என்று வரவேற்றுக்கொண்டிருந்தவர், "வாம்மா" என்றார். "வழியில வெயிலா?"

"இல்லீங்க. பஸ்ல ஜன்னலோரம் கெடச்சுது."

வந்துபோகிற பார்வையாளரிடம் பண்ணைக்காரர் பேசுகிறார், அவ்வளவுதான். வேறு யாருக்கும் அதில் ஒன்றுமில்லை. அவர் ஒரு குவளையில் பால் கொண்டுவந்து நீட்டினார். மகள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தூணோரம் நின்றவள் மாதக்கணக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த சேதி, இங்கே கோணிச் சாக்கை மடித்துப் போடுகிற அளவுக்குப் பழசாகிவிட்டது. நேற்று மதியம்கூட மகள் போனில், அப்பா எப்படி இருக்கார் என்று கேட்டாள். எப்பவும்போல கல்லு மாதிரிதான் என்று இவள் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. அழுகிறாள் என்று நினைத்து இவள் வேறு தேற்றினாள்.

பாலேட்டுக் கிண்ணத்தோடு வெளியே வந்த பண்ணைக்காரி தூணருகே நின்றாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அவர் வீட்டம்மாதானே? பொண்ணுக்கு அப்படியே உங்க மூக்கு."

மறுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். "எவ்வளவு நாளா நடக்குது?"

"அத அவங்ககிட்டதான் கேக்கணும். முதல் தடவ அந்தப் பொண்ணு கூட்டத்தோட கூட்டமா வந்து நின்னுச்சு. இவருக்கு வேஷத்தக் கலைக்கவும் முடியல, திட்டவும் முடியல. மாடு எவ்வளவு கறக்கும்னு அது கேட்டுச்சு, இவர் பதில் சொன்னாரு. அப்படியே வந்துட்டிருக்கு."

"என்கிட்ட ஏன் சொல்லல? ரெண்டு பேரும்."

பண்ணைக்காரி கிண்ணத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "இங்க எல்லாம் வேஷம். உங்ககிட்ட சொன்னா நெசமாயிடும்ல. அப்புறம் விட்ட சண்டையில இருந்து ஆரம்பிக்கணும்."

அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதைச் சொன்ன தோரணை அவளுக்குப் பிடிக்கவில்லை. தன் புருஷனையும் மகளையும் பற்றித் தனக்கே பாடம் எடுக்க இவள் யார்? இவர்கள் சேர்ந்ததில் இவளுக்கு என்ன கிடைத்தது? சனிக்கிழமைதோறும் ஒரு புருஷன், ஒரு மகள், பிறக்கப்போகும் பேரப்பிள்ளை. எல்லாம் வேலிக்குள்ளே, வேலி மூடினால் கேள்வி கேட்க ஆளில்லாமல். அப்படி நினைத்ததும் வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியிலும் சந்தேகம் அப்படியேதான் கிடந்தது.

முற்றத்தில் வெண்ணெய் எடுக்கும் வேலை தொடங்கியது. சட்டத்தில் படுக்க வைத்த மரப்பீப்பாய், இரண்டு பக்கமும் கைப்பிடி. பண்ணைக்காரி பாலேட்டை ஊற்றி மூடியை இறுக்கினாள். மகள் எழுந்துவந்து ஒரு கைப்பிடியைப் பிடித்தாள். எதிர்ப்பக்கம் அவர். பீப்பாய் சளக் சளக்கென்று சுழன்றது. கொஞ்ச நேரத்தில் மகளுக்கு மூச்சு வாங்கியது. அவர் கையை நிறுத்திக் கூட்டத்தைப் பார்த்து, "யாராவது இந்தப் பக்கம் ஒரு கை பிடிங்களேன்" என்றார்.

குடையைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு அவள் முன்னால் வந்தாள்.

முதலில் மகள்தான் பார்த்தாள். வாய் அம்மா என்று திறந்து, சத்தம் வராமலே மூடிக்கொண்டது. அவர் முகத்தில் இருந்த பண்ணைக்காரர் எங்கேயோ போய்விட்டார். தட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும் மனிதர் எட்டிப் பார்த்தார். கூட்டம் போன்களைத் தூக்கிப் பிடித்திருந்தது. அவர் உள்ளங்கையை ஏப்ரனில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"இதுக்கு முன்னாடி கடஞ்சிருக்கீங்களா?" என்றார்.

"இல்லீங்க" என்றாள். "பாத்ததுகூட இல்ல. யாரும் கூப்பிடல."

கூட்டத்தில் ஓரிருவர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கைப்பிடியைச் சுட்டிக்காட்டி, கொஞ்சம் கனக்கும், மெதுவாகச் சுற்றினால் போதும் என்றார். மகள் கையை எடுக்காமல் ஓரமாக ஒதுக்கி இடம்விட்டாள். அந்த மரப்பிடியில் இன்னும் மகளின் கைச்சூடு இருந்தது. அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுற்றினார்கள். எதிரே அவர். சளக் சளக்கென்ற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. பிறகு உள்ளே எதுவோ பொத்தென்று விழுந்தது. ஒரு சுற்றுக்குப்பின் மறுபடியும் பொத்தென்றது.

பண்ணைக்காரி பீப்பாயைப் பிடித்து நிறுத்தி, மூடியைத் திருகித் திறந்துவிட்டு, வேலி ஓரம் போய் நின்றுகொண்டாள். புளிப்பும் குளிர்ச்சியுமாக ஒரு வாசனை எழுந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். பீப்பாய்க்குச் சிறிய வாய்தான். நெற்றிகள் முட்டிக்கொள்ளும் நெருக்கம். அந்த இருட்டுக்குள் வெண்ணெய் திரண்டு வெளுப்பாக மிதந்துகொண்டிருந்தது.